ஏரி, எரி

ஆக்லாந்திலிருந்து மகன் அனுப்பிய படத்தில்
ஏரிக்குப் பின்னால் ஓர் எரிமலை
தலையில் பனியோடு சாதுவாக உட்கார்ந்திருந்தது.
"கார் எடுத்துக்கிட்டு நாமளே ஓட்டிக்கிட்டுப் போகலாம்மா,
பதினோரு நாள்."
விசா இரண்டு முறை திரும்பி வந்தது.
மூன்றாவதற்குப் பதிலே வரவில்லை என்றார் இவர்,
மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம்
ஊரார் மனுக்களுக்குப் பதில் போட்டவர்.

ஆகவே கும்பகோணத்தில்
வாடகைக்கு ஒரு வெள்ளை ஸ்விஃப்ட்.
முன்பணம் ஐயாயிரம், ஆதார் நகல்,
கீறல் விழுந்தால் தனிக் கணக்கு.
பையன் இவரிடம் சாவியை நீட்ட
இவர் கட்டைவிரலால் என்னைக் காட்டினார்.
"அவங்களா சார்?"
அவங்கதான்.
நாற்பத்தொன்பதில் லைசென்ஸ் வாங்கியவள்.
எண்பதைத் தாண்டினால் வண்டி கத்துமாம்.
அணைக்கரை வரைக்கும் நாற்பதைத் தாண்டவே
ஆடுகள் விடவில்லை.

கொள்ளிடத்துப் பழைய பாலத்தில் எதிர்வரிசைக்காகக் காத்திருந்தோம்.
கீழே ஆறு, பெரும்பாலும் மணல்.
இவர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி
எனக்கு மட்டும் மிளகாய்ப்பொடி தடவாமல் கொடுத்தார்.

வீராணம் கரைமேல் ஏறியதும்
கண்ணாடியெல்லாம் தண்ணீர்.
"இதத்தான் உன் தங்கச்சி மெட்ராஸ்ல
குழாயத் திறந்து குடிக்கிறா" என்றார்.
அவளுக்குத் தெரியாது, சொல்லவும் போவதில்லை.
மகனுக்கு அனுப்ப ஒரு படம்:
நான், ஏரி, நாரை ஒன்று, அப்புறம் வானம்.
பின்னால் நிற்க எதுவும் இல்லை.
எங்கள் பக்கத்தில்
நிலம் ஒருநாளும் எழுந்து நின்றதில்லை.
படுத்தே கிடந்து சோறு போடும்.

குத்தாலம் தாண்டிச் சண்டை.
போனில் இருக்கிறவள் இடப்பக்கம் என்றாள்,
இவர் வலப்பக்கம் என்றார்.
நான் இவரைக் கேட்டேன். தப்பு.
சாலை ஒடுங்கி, வாய்க்காலோடு வளைந்து,
வழி முழுக்க உளுந்துச் செடி காயப்போட்ட இடத்தில்
நின்றது.
முக்காட்டுத் துண்டோடு ஒருத்தி ஓடிவந்தாள்.
திட்டப்போகிறாள் என்று பின்னால் எடுத்தேன்.
"ஏத்துக்கா, மேல ஏத்து!
காலைலேருந்து ஒரு பஸ்ஸும் வரல."
ஏற்றினேன். சக்கரத்துக்கடியில்
நெற்றுகள் பொரிந்தன, தீபாவளி மறுநாள் மாதிரி.
"இன்னொருக்கா."
பின்னால், முன்னால், பின்னால்.
ஐந்தாவது தடவையில்
இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.
கல்யாண ஆல்பத்தில் அந்தச் சிரிப்பு ஒன்று இருக்கிறது.
அதற்கப்புறம் நான் பார்த்ததாக ஞாபகமில்லை.

நன்னிலத்தில் இருட்டிவிட்டது.
நரிமணத்தை நெருங்க நெருங்க
தென்னைகளின் முதுகில் செம்பட்டை நிறம்.
வயலுக்கு அந்தப்புறம், வேலிக்குள்,
உயரமான குழாயின் வாயில்
எண்ணெய்க் கிணற்றின் எரிவாயு எரிந்துகொண்டிருந்தது.
காற்று தள்ளினால் சாய்ந்தது,
விட்டால் நிமிர்ந்தது.
ராத்திரி என்ற ஒன்றையே அறியாத நாலு மா நிலம்
அதன் கீழே விழித்திருந்தது.
"இந்தா, உன் எரிமலை" என்றார்.

பானெட்டில் சாய்ந்து புளிச்சோறு தின்றோம்.
முகம் சுட்டதா, நினைப்பா, தெரியவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
தீயைப் பார்த்தபடியே:
"மூணாவது பாரத்த நான் அனுப்பவே இல்ல, மரகதம்.
போனா நீ அங்கேயே தங்கிடுவியோன்னு."
கரண்ட் பில் ஃபைலுக்குள்
மடித்து வைத்த அந்தப் பாரத்தை
போன ஆடியிலேயே பார்த்துவிட்டேன்.
மறுநாள்தான் டிரைவிங் பள்ளியில் பணம் கட்டினேன்.
இதைச் சொல்லலாமா என்று வாயெடுக்கும்போது
டார்ச் அடித்துக் காவலாளி வந்தார்.
"இங்க நிக்கக்கூடாதும்மா."
சரி என்று வண்டியை எடுத்தேன்.

மறுநாள் மகன் கேட்டிருந்தான்,
தீயும் அப்பாவும் இருக்கும் படத்தைப் பார்த்து:
"எந்த நாடும்மா இது?"

வண்டியை ஒப்படைக்கையில்
பையன் குனிந்து அடியில் கைவிட்டு
ஒரு பிடி உளுந்துநெற்று உருவினான்.
கழுவ இருநூறு ரூபாய் பிடித்தம்.
இவர் ரசீது கேட்டு வாங்கினார்.
பிறகு தரையில் உருண்டதையெல்லாம் பொறுக்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.